பெட்டிக்குள் எந்த மூளை?

வெள்ளகோவிலுக்கு நான்கு திசையில் இருந்தும் வண்டிகள் வருகின்றன. கரூரில் இருந்து லாரி வருகிறது. காங்கயத்தில் இருந்து பஸ் வருகிறது. முத்தூரில் இருந்து தேங்காய் வருகிறது. மூலனூரில் இருந்து பருத்தி மூட்டை வருகிறது.

எந்த வண்டி எந்தச் சாலையில் திரும்ப வேண்டும்? அதை ஒருவர் கை காட்டிச் சொல்ல வேண்டும். அவர் சுறுசுறுப்பாக இருந்தால் வண்டிகள் நிற்காமல் போகும். அவர் தூங்கி வழிந்தால் ஊரே நின்று விடும்.

இண்டர்நெட் வசதி உள்ள வீடுகளில் இப்படிக் கை காட்டும் போலீஸ்காரர் ஒருவர் இருக்கிறார். அவருக்குச் சம்பளம் கிடையாது. தூக்கமும் கிடையாது. அவர் ஒரு சிறு பெட்டிக்குள் குடியிருக்கிறார். அந்தப் பெட்டியின் பெயர் "ரூட்டர்".

பெரும்பாலோர் ரூட்டரைக் கடையில் வாங்குகிறார்கள். அல்லது, இணைப்புக் கொடுக்கும் கம்பெனியே அதையும் கொடுத்து விடுகிறது.

ஆனால் சிலர் ரூட்டரைத் தாங்களே கட்டிக்கொள்கிறார்கள். சிப் பொருத்திய பலகையை ஓர் இடத்தில் வாங்குகிறார்கள். பெட்டியை இன்னோர் இடத்தில் வாங்குகிறார்கள். இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளை அதில் ஏற்றுகிறார்கள். ரூட்டர் தயார்!

கொங்கு நாட்டுக்கு இந்தப் பழக்கம் புதிது அல்ல. புகைந்து போன மோட்டாரைப் பிரித்துக் காயில் கட்டுகிறவர்கள் இங்கே ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பழைய தறியை வாங்கி, பாகங்களை மாற்றி, புதுத்தறி போல ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ரூட்டர் கட்டுகிறவருக்கு முதலில் வரும் கேள்வி, "எந்த மூளையைப் போடுவது?" என்பதுதான். மூளை என்பது "பிராசசர்" என்னும் சிப். விரல் நகம் அளவுள்ள இந்தச் சிப்தான் எல்லா வேலையையும் செய்கிறது.

இதில் தவறினால் பணம் வீணாகும். வேலையும் கெடும். வீட்டுக்குள் திருடன் நுழையவும் வழி ஏற்படும்.

பொட்டலம் பொட்டலமாக...

ரூட்டர் என்ன வேலை செய்கிறது?

இண்டர்நெட்டில் ஒரு படம் வருகிறது என்றால், அது முழுதாக வருவது இல்லை. சின்னச்சின்னத் துண்டாக வெட்டப்பட்டு, பொட்டலம் பொட்டலமாக வருகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் விலாசம் எழுதி இருக்கும்.

ரூட்டர் அந்த விலாசத்தைப் படிக்கிறது. "இது மகனுடைய கம்ப்யூட்டருக்கு", "இது அம்மாவின் செல்போனுக்கு" என்று பிரித்து அனுப்புகிறது. வெளியே போகும் பொட்டலத்துக்கு வீட்டின் பொது விலாசத்தை ஒட்டுகிறது. வேண்டாத ஆள் வந்தால் கதவைச் சாத்துகிறது.

இதை எவ்வளவு வேகத்தில் செய்ய வேண்டும் தெரியுமா?

ஒரு "கிகாபிட்" இணைப்பு முழு வேகத்தில் ஓடினால், ஒரு வினாடிக்குப் பெரிய பொட்டலங்கள் சுமார் 81 ஆயிரம் வரும். சின்னப் பொட்டலங்களாக இருந்தால் 14 லட்சத்து 88 ஆயிரம் வரை வரலாம்!

சிப்பின் வேகத்தை அதன் துடிப்பைக் கொண்டு சொல்வார்கள். "1 கிகா ஹெர்ட்ஸ்" என்றால் வினாடிக்கு 100 கோடித் துடிப்பு. அந்த 100 கோடியை 14 லட்சத்து 88 ஆயிரத்தால் வகுத்தால், ஒரு பொட்டலத்துக்குச் சுமார் 670 துடிப்புதான் கிடைக்கும். அதற்குள் விலாசத்தைப் படித்து, கணக்கில் குறித்து, அனுப்பிவிட வேண்டும்.

கணக்கைப் பார்த்தால், "அப்படியானால் இருப்பதிலேயே பெரிய மூளையாகப் போட்டுவிட வேண்டியதுதானே?" என்று தோன்றும்.

அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

மாமாவும் மாப்பிள்ளையும்

வெள்ளகோவிலில் விசைத்தறிகள் நிறைய உண்டு. எண்ணெய் ஆலைகளும் உண்டு. ஒரு தறிக்கூடத்துக்காரர் ரூட்டர் கட்ட ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு யோசனை சொல்ல, கல்லூரியில் படிக்கும் அக்காள் மகன் வருகிறான்.

"ஏம் மாப்பிள்ளை, பணம் போனாப் போகுது. இருக்கறதுலயே பெரிய மூளையா வாங்கிப் போட்டுட்டா என்ன?" என்கிறார் மாமா.

"ஏனுங்க மாமா, நம்ம தோட்டத்துக் குழாய் ஒன்றரை அங்குலந்தானுங்க. அதுக்குப் போயி பத்து எச்.பி. மோட்டார் மாட்டுவீங்களா?" என்று திருப்பிக் கேட்கிறான் மாப்பிள்ளை.

"அது எப்படி மாட்டறது? குழாய் வெடிச்சுப் போகும். கரண்ட் பில்லும் ஏறும். கிணத்து ஆழம், குழாய் அளவு, ஊறுற தண்ணி, மூணையும் பாத்துத்தானே மோட்டார் வாங்கோணும்?"

"அதே கணக்குத்தானுங்க இதுக்கும்!"

மாப்பிள்ளை சொல்வது சரி. கம்பெனியில் இருந்து வரும் இணைப்பின் வேகம்தான் குழாய். வீட்டிலும் தறிக்கூடத்திலும் நடக்கும் வேலைதான் கிணற்றின் ஆழம். இவ்விரண்டையும் பார்த்த பிறகே மூளையைத் தேடிப் போக வேண்டும்.

உலகத்தில் முதன்முதலாக ரூட்டர் கட்டியவர்களும் இந்தக் கணக்கைத்தான் போட்டார்கள்.

முதல் ரூட்டர்

அமெரிக்காவில், நாடெங்கும் உள்ள கம்ப்யூட்டர்களை இணைக்க அரசாங்கம் விரும்பியது. அதற்கான பெட்டியைச் செய்யும் வேலை, "பி.பி.என்." என்ற கம்பெனிக்குக் கிடைத்தது. அந்தக் குழுவின் தலைவர் பிராங்க் ஹார்ட் என்ற என்ஜினீயர்.

அவர்கள் தேர்ந்தெடுத்தது, ஹனிவெல் கம்பெனியின் "516" என்ற கம்ப்யூட்டர். அந்தக் காலத்திலேயே அதைவிடப் பெரிய கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஆனால் ஹார்ட் குழுவினர் வேறு இரண்டு குணங்களைப் பார்த்தார்கள்.

ஒன்று, பல கம்பிகளில் வரும் செய்தியை வேகமாக உள்ளே வாங்கி வெளியே விடும் திறமை. இரண்டாவது, உறுதி. ராணுவத்துக்காகச் செய்த கெட்டியான இரும்புப் பெட்டியில் அந்தக் கம்ப்யூட்டர் கிடைத்தது. பெட்டி கல்லூரிகளில் இருக்கப் போகிறது. மாணவர்கள் சும்மா இருப்பார்களா? திறந்து நோண்டுவார்கள். அதற்கும் தாங்க வேண்டும் என்று ஹார்ட் நினைத்தார்!

முதல் பெட்டி 1969-ம் ஆண்டு, லாஸ் ஏஞ்செல்சில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தது. குளிர்சாதனப் பெட்டி அளவு இருந்தது. அதன் நினைவகம் 24 கிலோபைட். இன்று சாதாரண வீட்டு ரூட்டரில் 128 மெகாபைட் நினைவகம் இருக்கிறது. அதாவது, ஐயாயிரம் மடங்குக்கும் அதிகம்!

1969 அக்டோபர் 29-ந் தேதி இரவு, முதல் செய்தி அனுப்பப்பட்டது. "லாகின்" என்ற சொல்லை ஒவ்வோர் எழுத்தாக அனுப்பினார்கள். முதல் இரண்டு எழுத்துகள் போய்ச் சேர்ந்தன. அதற்குள் மறுமுனையில் இருந்த பெரிய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது! கொஞ்ச நேரம் கழித்து முழுச் சொல்லும் போய்ச் சேர்ந்தது.

படுத்தது பெரிய கம்ப்யூட்டர். இடையில் இருந்த பெட்டி படுக்கவில்லை.

கிட்டூரில் நடந்தது

அது குளிர்ந்த அறையில் வைத்த அமெரிக்கப் பெட்டி. வெயிலும் புழுதியும் உள்ள இந்தியக் கிராமத்துக்கு எந்தப் பெட்டி பொருந்தும்?

இந்தக் கேள்வி 1984-ல் எழுந்தது. அப்போது இண்டர்நெட் இங்கே வரவில்லை. டெலிபோனுக்கே பல ஆண்டு காத்திருக்க வேண்டிய காலம். கிராமங்களில் டெலிபோன் அபூர்வம்.

வெளிநாட்டு டெலிபோன் இணைப்பகத்தை வாங்கலாம். ஆனால், அதைக் குளிர்சாதன அறையில் வைக்க வேண்டும். மின்சாரமே ஒழுங்காக வராத கிராமத்தில் குளிர்சாதனத்துக்கு எங்கே போவது?

இந்த நிலையில், 1984 ஆகஸ்டில் மத்திய அரசாங்கம் "சி-டாட்" என்ற ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கியது. ஒரிசாவில் பிறந்து, அமெரிக்காவில் தொழில் செய்த சாம் பிட்ரோடா இதற்குத் தூண்டுகோலாக இருந்தார். 36 கோடி ரூபாய் செலவில், 36 மாதத்தில் இந்திய இணைப்பகம் செய்து காட்டுவது என்று திட்டம் போட்டார்கள்.

இளம் என்ஜினீயர்கள் வேலையில் இறங்கினார்கள். சிப்பைத் தேடுவதற்கு முன், அவர்கள் கிராமத்தைப் பார்த்தார்கள். அங்கே டெலிபோன் சிலவாக இருக்கும். ஆனால் ஒரே டெலிபோனை ஊரே பயன்படுத்தும். ஆகவே, இணைப்பு குறைவு, பேச்சு அதிகம். வெளிநாட்டு நிலைமை இதற்கு நேர்மாறு.

இதற்குத் தக்கபடி 128 முனைகள் கொண்ட சிறிய இணைப்பகத்தைச் செய்தார்கள். அதற்கென்று தனியாகச் சிப் தயாரிக்கவில்லை. சந்தையில் கிடைத்த சாதாரணச் சிப்புகளையே போட்டார்கள். குறைந்த மின்சாரத்தில், குளிர்சாதனம் இல்லாமல் ஓடும்படி அமைத்தார்கள்.

1986-ல், கர்நாடகத்தில் உள்ள கிட்டூரில் இந்த இணைப்பகம் நிறுவப்பட்டது. கிட்டூர், ராணி சென்னம்மா ஆண்ட ஊர். பிறகு நாட்டின் பல கிராமங்களுக்கும் அந்த இணைப்பகம் பரவியது. கிராமங்களில் மஞ்சள் நிற "எஸ்.டி.டி." பலகைகள் தோன்றியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இடத்தைப் பார்த்து மூளையைத் தேர்ந்தெடுத்ததால் வந்த வெற்றி அது.

பூட்டைத் திறந்த பெட்டி

வீட்டு ரூட்டரைச் சாதாரண மனிதர் தாமே மாற்றி அமைக்க முடியும் என்ற எண்ணம், 2003-ல்தான் பரவியது.

2002 இறுதியில் "லிங்க்சிஸ்" என்ற அமெரிக்கக் கம்பெனி, நீலமும் கறுப்புமாக ஒரு வீட்டு ரூட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் உள்ளே இருந்தது "லினக்ஸ்" என்னும் பொது மென்பொருள். அதைப் பயன்படுத்துகிறவர்கள், தாங்கள் செய்த மாற்றங்களையும் பொதுவில் வைக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதைப் பலர் எடுத்துக்காட்டினார்கள். 2003-ல் கம்பெனி மென்பொருளை வெளியிட்டது.

அதை வைத்து, பல நாட்டு இளைஞர்கள் சேர்ந்து 2004-ல் "ஓப்பன் டபிள்யு.ஆர்.டி." என்ற இலவச ரூட்டர் மென்பொருளைத் தொடங்கினார்கள். இன்று சொந்தமாக ரூட்டர் கட்டுகிறவர்களில் பலர் பயன்படுத்துவது இதைத்தான்.

இந்தக் குழுவினர், 20 ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு, 2024-ல் தங்கள் பெயரிலேயே ஒரு ரூட்டரை வெளியிட்டார்கள். உலகத்து ரூட்டர்களை எல்லாம் பிரித்துப் பார்த்த நிபுணர்கள் அவர்கள். அவர்கள் எந்த மூளையைப் போட்டார்கள்?

இரண்டு கரு கொண்ட, 1.3 கிகா ஹெர்ட்ஸ் வேகமுள்ள "மீடியாடெக்" சிப்பைப் போட்டார்கள். செல்போன்களில் இதைவிட வேகமான சிப் இருக்கிறது! ஆனால் நினைவகத்தில் தாராளம்: 1 கிகாபைட். மென்பொருளை வைக்க இரண்டு தனித்தனி இடங்கள். ஒன்று கெட்டுப்போனாலும் இன்னொன்றைக் கொண்டு பெட்டியை எழுப்பிவிடலாம்.

நிபுணர்களே நடுத்தர மூளைதான் போட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

இனி, வெள்ளகோவில் தறிக்கூடத்துக்கு வருவோம். அங்கே மூளை தேடுகிறவர் பார்க்க வேண்டியவை என்ன?

முதலில் இணைப்பின் வேகம். மாதச் சந்தா 100 "மெகாபிட்" இணைப்புக்குத்தான் கட்டுகிறார் என்றால், இன்றைய சாதாரண "ஆர்ம்" வகைச் சிப் போதும். இணைப்பு 1000 மெகாபிட்டாக இருந்து, வேறு வேலைகளும் இருந்தால்தான் பெரிய சிப் வேண்டும்.

இரண்டாவது, என்ன வேலை என்பது. தறிக்கூடத்தின் காமிரா, படத்தை ஓயாமல் வெளியே அனுப்பிக்கொண்டு இருக்கும். அதே நேரத்தில் மகள் வீடியோவில் பாடம் கேட்பாள். துணி லாரியில் ஏறுவதற்கு "இ-வே பில்" எடுக்க வேண்டி இருக்கும். பில் வராவிட்டால் லாரி கிளம்பாது. லாரி கிளம்பாவிட்டால் பணம் வராது.

காமிராவின் பொட்டலங்கள் லாரி வரிசை போல அடைத்துக்கொண்டால், ஆம்புலன்ஸ் மாதிரி அவசரமாக வரும் பில்லும் பாடமும் பின்னால் மாட்டிக்கொள்ளும். ரூட்டர் மென்பொருளில் இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் வசதி இருக்கிறது. சந்தா மாறாமலே, இணைப்பு புதிதாக வாங்கினது போல் இருக்கும்.

ஆனால் இதில் ஒரு சூட்சுமம் உண்டு.

பல ரூட்டர்ச் சிப்புகளில் குறுக்கு வழி ஒன்று வைத்திருக்கிறார்கள். பொட்டலங்கள் மூளைக்குப் போகாமல் அந்த வழியில் ஓடிவிடும். பெட்டியின் மேல் போட்டிருக்கும் பெரிய வேகம், பெரும்பாலும் அந்தக் குறுக்கு வழியின் வேகம். வரிசையை ஒழுங்குபடுத்தச் சொன்னால், குறுக்கு வழி பெரும்பாலும் அடைபடும். எல்லாப் பொட்டலமும் மூளையிடம் வரும். அப்போதுதான் மூளையின் உண்மையான பலம் தெரியும். ஆகவே விளம்பர வேகத்தை நம்பாமல், "வரிசை ஒழுங்கு போட்டால் எவ்வளவு வேகம் வரும்?" என்று விசாரிக்க வேண்டும்.

கடையில் இருந்தும் வீட்டில் இருந்தும் செய்திகளைப் பூட்டுப் போட்டு அனுப்புவதாக இருந்தால், இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சில சிப்புகளில் பூட்டுப் போடும் வேலைக்கென்றே தனி வசதி உண்டு. "ராஸ்பெர்ரி பை" என்ற பலகையின் 2019-ம் ஆண்டு வந்த 4-ம் மாதிரியில் அந்த வசதி இல்லை. 2023-ல் வந்த 5-ம் மாதிரியில் இருக்கிறது.

வாசல் குறுகினால்...

மூன்றாவது, வாசல். ரூட்டருக்குக் குறைந்தது இரண்டு வாசல் வேண்டும். ஒன்று, இண்டர்நெட் உள்ளே வர. மற்றொன்று, வீட்டுக்குள் போக.

வாசலும் மூளையும் சேரும் பாதை அகலமாக இருக்க வேண்டும். இதற்கு நல்ல உதாரணம் ஒன்று உண்டு. 2018-ல் வந்த "ராஸ்பெர்ரி பை 3 பி பிளஸ்" பலகையில் 1000 மெகாபிட் வாசல் வைத்தார்கள். ஆனால் அந்த வாசலுக்கும் மூளைக்கும் நடுவே இருந்தது பழைய "யு.எஸ்.பி." பாதை. ஆகவே, அதிகபட்சம் 300 மெகாபிட்தான் போயிற்று. வாய்க்கால் அகலம், மடை குறுகல்!

நான்காவது, நினைவகம். 128 மெகாபைட்டுக்குக் குறைந்ததைத் தொடக் கூடாது. மென்பொருள் ஆண்டுக்கு ஆண்டு பெருத்துக்கொண்டே போகிறது. லிங்க்சிஸ் ரூட்டரே இதற்குச் சாட்சி. முதலில் 16 மெகாபைட் நினைவகத்துடன் வந்தது. 2005-ல் வந்த 5-ம் பதிப்பில் நினைவகத்தைப் பாதியாக்கி விட்டார்கள். அதே பெயர், அதே நிறம். ஆனால், பழைய பெட்டியில் ஓடிய இலவச மென்பொருள்கள் புதிய பெட்டியில் சரியாக ஓடவில்லை. பெயரைப் பார்த்து வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். பதிப்பு எண்ணையும் பார்த்து வாங்க வேண்டும் என்பது இதில் கிடைத்த பாடம்.

வெயில், பஞ்சு, மின்சாரம்

ஐந்தாவதாகப் பார்க்க வேண்டியது ஊர். இதைப் பலர் மறந்து விடுகிறார்கள்.

வெள்ளகோவில் மழை குறைந்த ஊர். சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கொட்டகை அடுப்புப் போல் காயும். சிப் சூடேறினால் என்ன ஆகும்? தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதிக விலை கொடுத்து வாங்கிய வேகமான சிப், உச்சி வெயிலில் மாட்டு வண்டி ஆகிவிடும்.

விசிறி வைத்துக் குளிர வைக்கலாமே என்று தோன்றும். தறிக்கூடத்தில் காற்றோடு பஞ்சும் பறக்கிறது. விசிறி அதை உள்ளே இழுக்கும். சில மாதத்தில் பெட்டிக்குள் மெத்தை தைத்தது போல் பஞ்சு அடைந்து விடும். ஆகவே, விசிறி இல்லாமல் ஓடும் சிப்தான் இங்கே பொருத்தம். அலுமினியப் பெட்டிக்குள் வைத்தால், அந்த அலுமினியமே சூட்டை வெளியே தள்ளும். பெட்டியைத் தகரக் கூரைக்கு அடியில் மாட்டாமல், சுவரில், காற்றோட்டமான இடத்தில் மாட்ட வேண்டும்.

ரூட்டர் இரவும் பகலும் ஓடுவது. ஆகவே, மின்சாரக் கணக்கும் முக்கியம். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கம்ப்யூட்டரை ரூட்டர் ஆக்குகிறவர்கள் உண்டு. அது 60 வாட் எடுத்தால், இரண்டு மாதத்துக்கு 86 யூனிட் ஓடும். 10 வாட் எடுக்கும் சிறு பலகை, அதே இரண்டு மாதத்தில் 14 யூனிட்தான் எடுக்கும். சும்மா கிடைத்த கம்ப்யூட்டர், பில் வந்த பிறகுதான் தன் விலையைச் சொல்லும்.

பெரிய வேலை இருக்கிறவர்களுக்கும் இப்போது வழி உண்டு. இன்டெல் கம்பெனி 2023-ல் கொண்டுவந்த "என் 100" சிப்பில் நான்கு கரு இருக்கிறது. அதன் மின்சார அளவு 6 வாட் என்று கம்பெனி குறித்திருக்கிறது. பூட்டுப் போடும் வசதியும் அதில் உண்டு. இந்தச் சிப் வைத்து, விசிறி இல்லாத சிறு பெட்டிகள் விற்பனையில் இருக்கின்றன.

மின்சாரம் திடீர் என்று நின்று வருவது இன்னோர் ஆபத்து. சிறு பலகைகளில், காமிராவில் போடும் சின்ன அட்டையில் மென்பொருளை வைப்பது வழக்கம். எழுதிக்கொண்டு இருக்கும்போது மின்சாரம் நின்றால் அந்த அட்டை கெட்டுப்போகலாம். பலகையிலேயே பதித்த நினைவகம் உள்ளதாக வாங்குவது நல்லது. 12 வோல்ட் பாட்டரிப் பெட்டி ஒன்றைச் சேர்த்துவிட்டால், மின்சாரம் நின்றாலும் ரூட்டர் நிற்காது. கண்ணாடி இழைக் கம்பி வந்து சேரும் பெட்டிக்கும் அதே பாட்டரியில் இருந்து மின்சாரம் கொடுக்க வேண்டும். அது அணைந்துவிட்டால் ரூட்டர் மட்டும் விழித்திருந்து பயன் இல்லை.

திருடனுக்குத் திறந்த கதவு

ஆறாவது விஷயம், எல்லாவற்றையும்விட முக்கியமானது.

2016-ம் ஆண்டு, "மிராய்" என்ற திருட்டு மென்பொருள் உலகம் எங்கும் பரவியது. அது வீட்டுக் காமிராக்களையும் ரூட்டர்களையும் தேடிப் பிடித்தது. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டிருந்த பெட்டிகளில் எல்லாம் புகுந்தது. 2016 அக்டோபர் 21-ந் தேதி, அந்தப் பெட்டிகள் எல்லாம் ஒரே சமயத்தில் ஏவப்பட்டன. அமெரிக்காவில் "டுவிட்டர்" உள்பட பல பெரிய இணையதளங்கள் மணிக்கணக்கில் முடங்கின.

பெட்டிகளின் சொந்தக்காரர்களில் பலருக்கு, தங்கள் பெட்டி அந்தக் கூட்டத்தில் இருந்ததே தெரியாது!

ரூட்டர்தான் வீட்டின் வாசற்கதவு. பாங்கு கணக்கு, வரிக் கணக்கு, குழந்தைகளின் படம், எல்லாம் அதன் வழியாகத்தான் போய் வருகின்றன. கதவில் ஓட்டை விழுந்தால் அடைக்க வேண்டும். மென்பொருளின் ஓட்டையை அடைக்கப் புதிய பதிப்பு வந்துகொண்டே இருக்க வேண்டும்.

அந்தப் பதிப்பு எல்லாச் சிப்புக்கும் வராது. ஆகவே, சிப்பை வாங்கிவிட்டு மென்பொருளைத் தேடக் கூடாது. முதலில் மென்பொருள் குழுவினர் வெளியிடும் பட்டியலைப் பார்க்க வேண்டும். அதில் உள்ள பலகையைத்தான் வாங்க வேண்டும். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், பட்டியலில் இல்லாத சிப் வேண்டாம்.

பெட்டி வந்த அன்றே கடவுச்சொல்லையும் மாற்றிவிட வேண்டும்.

சென்னையில் பிறந்த சிப்

இந்தச் சிப்புகள் எல்லாம் வெளிநாட்டில் திட்டமிட்டவைதானா? நம் நாட்டுச் சிப் கிடையாதா?

உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில், பேராசிரியர் காமகோடி தலைமையில் ஒரு குழு "சக்தி" என்ற பெயரில் பிராசசர்களை வடிவமைத்தது. 2018-ல் அதன் முதல் சிப்புகள் வெளிவந்தன. அவற்றில் ஒன்று, சண்டிகரை அடுத்த மொகாலியில் உள்ள இந்திய ஆலையிலேயே தயார் ஆனது.

சக்திக்கு அடிப்படை, "ரிஸ்க்-ஃபைவ்" என்ற கட்டளை மொழி. இது 2010-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்தது. இதை யார் வேண்டுமானாலும், கட்டணம் கொடுக்காமல் பயன்படுத்தலாம். திருவனந்தபுரத்தில் உள்ள "சி-டாக்" நிலையமும் இதே மொழியில் "வேகா" என்ற பிராசசர்களை உருவாக்கியது.

கிட்டூருக்குப் போன இணைப்பகத்தில் திட்டம் நம்முடையது, சிப் வெளிநாட்டுடையது. சக்தியில் சிப்பின் திட்டமும் நம்முடையது.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்?

எல்லோரும் ரூட்டர் கட்ட வேண்டும் என்பது இல்லை. வீட்டில் நான்கு பேர், நான்கு செல்போன், ஒரு டெலிவிஷன் என்றால், கம்பெனி கொடுக்கும் பெட்டியே போதும். கடவுச்சொல்லை மாற்றி, மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டு வந்தால் சரி.

தறிக்கூடமும் வீடும் ஒரே இணைப்பில் ஓடுகிறவர்கள், பல காமிரா வைத்திருக்கிறவர்கள், இணைப்பு நின்றால் தொழில் நிற்கிறவர்கள், இவர்களுக்குக் கட்டிய ரூட்டர் உதவும். கெட்டால் முழுப் பெட்டியையும் எறிய வேண்டியது இல்லை. கெட்ட பாகத்தை மட்டும் மாற்றலாம். வயர் இல்லாமல் இணைக்கும் "வை-பை" கருவியைத் தனியாக வாங்கி, வீட்டின் நடுவில் வைத்துக்கொள்ளலாம். நாளைக்குப் புதிய வை-பை வந்தால், அந்தக் கருவியை மட்டும் மாற்றினால் போதும்.

வாங்குவதற்கு முன் இணைப்புக் கம்பெனிக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். "உங்கள் பெட்டிக்குப் பின்னால் என் சொந்த ரூட்டரை வைக்கலாமா? அதற்கு உங்கள் பெட்டியில் என்ன மாற்றம் செய்ய வேண்டும்?" என்பதே அந்தக் கேள்வி.

அதன் பிறகு ஒரு காகிதத்தை எடுத்து, இணைப்பின் வேகம், வேலை, வாசல், நினைவகம், ஊரின் வெயிலும் மின்சாரமும், மென்பொருள் பட்டியல் என்ற ஆறையும் வரிசையாக எழுத வேண்டும். ஆறும் எழுதி முடித்த பிறகு கடைக்காரர் காட்டும் சிப்புகளைப் பார்த்தால், பெரும்பாலும் நடுத்தர விலையில் ஒன்று அமைந்து விடும். மிச்சப்படும் பணத்துக்குப் பாட்டரிப் பெட்டி வாங்கலாம். இரவில் மின்சாரம் நின்றாலும் லாரிக்கு வேண்டிய பில் வந்து சேரும்.